சீக்கிரம் போய்விடும் வாசனை

தம்பி,

நீ போனில் அனுப்பிய இரண்டு சென்ட் பாட்டில்களின் படமும் வந்து சேர்ந்தது. கூடவே, 'ரெண்டுல எதுனா ஒண்ணு வாங்கி நித்யாவுக்குப் பூ வைக்கிற தட்டுல வெச்சிடும்மா, எனக்கு ரெண்டும் ஓகே, ஆனா நாள் முழுக்க நிக்கிறதா பாத்துக்கோ' என்று நீ பேசி அனுப்பியதையும் கேட்டேன். பதிலைப் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நீ அங்கே குஜராத்தில் டிரெயினிங் இடைவேளையில், ஒரு கையில் டீயை வைத்துக்கொண்டு 'சரிம்மா, சரிம்மா' என்று சொல்லி வைத்துவிடுவாய். நான் என்ன சொன்னேன் என்று அப்புறம் கேட்டால் உனக்கே தெரியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இதைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவது உங்கப்பா வேலை. ஒரு சென்ட் பாட்டிலுக்கு இவ்வளவு பெரிய கடிதமா என்று நினைக்காதே. கடைசிவரை படி.

பூ வைக்கிற அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டுத் தட்டுகளைப் பெண் வீட்டில் என்ன பாடு படுத்துவார்கள் என்று உனக்குத் தெரியாது, நீ ஆண்பிள்ளை. புடவையை உதறிப் பார்ப்பார்கள். வளையலைத் தட்டிப் பார்ப்பார்கள். சோப்பு, சீப்பு, கண்ணாடி, பவுடர் என்று ஒவ்வொன்றும் கைமாறிப் போகும். சென்ட் பாட்டிலை மட்டும் கட்டாயம் திறப்பார்கள். பெண்ணின் சித்தி ஒரு தடவை அடித்துப் பார்ப்பாள், பெரியம்மா ஒரு தடவை அடித்துப் பார்ப்பாள், அப்புறம் அந்த வீடு முழுக்க நாம் வாங்கிக் கொண்டுபோன வாசனைதான். நல்லதாக இருந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நல்லதாக இல்லாவிட்டால் பேரப்பிள்ளை பிறக்கும்வரை சொல்லுவார்கள். ஆகவே அதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது என்று, கேன்டீனில் வார லீவு கிடைத்த அன்றைக்கு சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் ஏறித் தாம்பரம் போனேன்.

கடையில் இருந்த பெண் தென்காசிப் பக்கத்துக்காரி. நல்ல பிள்ளை. நீ அனுப்பிய படத்தைக் காட்டியதும் இரண்டையும் எடுத்து முன்னால் வைத்தாள். ஒன்று, பீச் பழமும் மல்லிகையும் கலந்ததாம். இன்னொன்று லிச்சியும் ரோஜாவுமாம். "பீச் பழம் நீ சாப்ட்டிருக்கியாம்மா?" என்று கேட்டேன். "இல்லக்கா, நான் எங்க சாப்பிட்டேன், பாட்டில்ல போட்டுருக்கு, அதான் சொல்லுதேன்" என்றாள். இரண்டு காகிதத் துண்டில் அடித்துக் கொடுத்தாள். முதலாவதில் பழ வாசனை கனமாக வந்தது, அதற்குள்ளே மல்லிகை, கல்யாண மண்டபத்து வாசலில் நிற்பதுபோல. இரண்டாவது லேசாக, தண்ணீராக, முகர்ந்துவிட்டுத் திரும்பவும் தேட வேண்டியதாக இருந்தது. "இது நல்லா நிக்கும்க்கா, காலைல போட்டாங்கன்னா மறுநா வரைக்கும் இருக்கும்" என்று பீச்சைக் காட்டினாள். நீயும் அதைத்தானே கேட்டிருந்தாய். அங்கேயே வாங்கிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் எனக்கு என்னவோ அந்தப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது, நித்யாவின் முகம். அவளுக்கு எது பிடிக்கும் என்று நமக்கு யாருக்குமே தெரியவில்லையே என்று தோன்றியது. காகிதத் துண்டு இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் உங்கப்பாவிடம் கொடுத்தேன். இரண்டையும் மூக்கில் ஒட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே மாரிதான் கீது" என்றார். அவரிடம் கேட்டது என் தப்பு.

சென்ட் என்றால் நீ ஏன் இப்படிப் பறக்கிறாய் என்று எனக்குத் தெரியும். டயர் கம்பெனியில் சேர்ந்த புதிதில் நீ ஷேர் ஆட்டோவில் வந்த கதையை நீயே சொல்லியிருக்கிறாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு, அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிப் பின்னால் வந்த ஆட்டோவில் ஏறினாள் என்று. அன்றைக்கு நீ சாப்பிடவே இல்லை. ரப்பர் வாசனை தோலுக்குள் போய்விட்டது என்று இரண்டு முறை குளித்தாய். அடுத்த சம்பளத்தில் ஸ்ப்ரே வந்தது. அதன்பிறகு நம் வீட்டில் ஸ்ப்ரே இல்லாத நாள் கிடையாது. நீ பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டே அடிப்பாய். அந்தப் பீரோவில்தான் என் புடவையும் இருக்கிறது. ஒரு நாள் கேன்டீனில் எங்கள் சூப்பர்வைசர் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னாக்கா, சாம்பார்ல சென்ட் வாசன வருது" என்று கேட்டார். சாம்பாரில் இல்லை, என் முந்தானையில். அன்றைக்கு முழுக்கப் பரிமாறும் இடத்துக்கு என்னை விடவில்லை, பாத்திரம் கழுவ அனுப்பிவிட்டார்கள். உன்னிடம் சொல்லிச் சிரித்தேன், நீயும் சிரித்தாய். இந்தக் கதையை மறந்துவிடாதே, கீழே திரும்பவும் வரும்.

நித்யாவைப் பெண் பார்க்கப் போன அன்றைக்கு நான் ஆட்டோவில் வரும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன், நீ கவனித்திருப்பாய். அந்தப் பெண் ஷிப்டு முடிந்து நேரே வந்திருந்தாள். புடவை நன்றாகத்தான் கட்டியிருந்தாள். ஆனால் முகத்தில் பவுடர் இல்லை, அவள் அம்மா அவசரமாக வைத்துவிட்ட கனகாம்பரத்தைத் தவிர ஒன்றும் இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து காபி கொடுத்தபோது அவளிடம் ஒரு வாசனையும் இல்லை, கழுவி வைத்த டம்ளர் மாதிரி. இந்தக் காலத்தில் ஒரு பெண் தன்னைப் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்தும் ஒரு பவுடர்கூடப் போடவில்லை என்றால், அவளுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை என்றுதான் நான் எண்ணினேன். உனக்குப் பிடித்துவிட்டது, அதனால் வாயை மூடிக்கொண்டேன். அந்தச் சந்தேகம் எனக்குள் இருந்துகொண்டேதான் இருந்தது. சென்ட் சாக்கில் அவளை நேரிலேயே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். தட்டில் வைக்கப்போவதைப் பெண்ணிடம் முன்கூட்டிக் காட்டுவது வழக்கமில்லை. உன் அத்தைக்குத் தெரிந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். நீ சொல்லிவிடாதே.

அவளுக்கு அந்த வாரம் செகண்ட் ஷிப்டு. வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு மத்தியானம் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டாள். "இன்னாத்த, வூட்ல எல்லாரும் நல்லாதான கீறாங்க?" என்று ஓடி வந்தாள். நான் விஷயத்தைச் சொல்லிக் கவரைப் பிரித்து இரண்டு காகிதத்தையும் நீட்டினேன். அவள் சட்டென்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் நினைத்தது சரிதான், இவளுக்கு விருப்பமில்லை என்று எண்ணிக்கொண்டு நிற்கிறேன். அவள், "நீங்களே புடிச்சிக்கோங்க அத்த, நான் எட்ட இருந்து மோந்து பாக்குறேன். கையில ஒட்டிச்சின்னா இன்னிக்கு உள்ள போவ முடியாது" என்றாள்.

"ஏன், கம்பெனியில சென்ட் போட்டா திட்டுவாங்களா?"

"திட்டுறது இல்ல அத்த. எனக்கு பெயிண்ட் ஷாப்பு, காருக்கு பெயிண்ட் அடிக்கிற எடம். சென்ட், பவுடர், தலைக்குப் போடுற சீரம் எதுவும் ஆவாது. பெயிண்ட் அடிச்சி வர்ற வண்டி மேல குழி குழியா வுழுந்துடும். சும்மா பாத்தா தெரியாது, லைட்ட புடிச்சா அம்மத் தழும்பு மாரி தெரியும். அப்பறம் மொத்தத்தையும் தேய்ச்சிட்டுத் திரும்ப அடிக்கணும்."

"ஒருத்தி போட்டுகினு வர்ற சென்ட்டா இவ்ளோ பண்ணும்?"

"பண்ணும் அத்த. எங்க லைன்ல ஒரு பொண்ணு முடி பளபளன்னு இருக்க ஏதோ போட்டுகினு வந்துட்டா. அன்னிக்கு வந்த கதவு எல்லாத்துலயும் குழி. லைன நிறுத்திட்டாங்க. காண்ட்ராக்ட் பொண்ணு அவ. அதுக்கப்பறம் நான் அவள பாக்கல."

அப்புறம்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. பெண் பார்க்கப் போன அன்றைக்கு அவள் ஏன் அப்படி இருந்தாள் என்பதும் விளங்கியது. மறுநாளும் அவளுக்கு ஷிப்டு இருந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து லீவு நாளைத் தவிர அவளாகப் பூ வைத்ததில்லையாம். மற்ற பெண்கள் பஸ்ஸில் மல்லிகையும் கனகாம்பரமுமாக வரும்போது இவள் ஜன்னலோரமாகத் தனியாக உட்கார்ந்து கொள்வாளாம், பூ உரசிவிடக் கூடாது என்று. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. நீ டயர் சூட்டைப் பற்றிச் சொல்வாயே, அதுபோல வேலையைப் பற்றிச் சொன்னாள்.

நான் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் கழுத்தை மட்டும் நீட்டி முகர்ந்தாள். லிச்சியை ஒரு தடவை. பீச் பழத்தை இரண்டு தடவை. மூன்றாவது தடவையும் குனிந்தாள். "இது நல்லாக் கீது அத்த" என்று சிரித்தாள். நான் பார்த்து அவள் பல் தெரியச் சிரித்தது அப்போதுதான். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "அவனும் நாள் முழுக்க நிக்கிறதுதான் வோணும்னு கேட்டான், இதுதான் நிக்குமாம், இதையே வாங்கிடுறேன்" என்றேன். அவள் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"நாள் முழுக்க நிக்கணும்னு அவரே சொன்னாரா அத்த?"

"ஆமாம்மா. ஏன்?"

"அப்ப கல்யாணத்துக்கப்பறம் என்னிய வேலைக்குப் போவ வாணாம்னு நெனைக்கிறாரா?"

உனக்குப் பெயிண்ட் ஷாப்பு விவகாரம் தெரியாது, அது எனக்குத் தெரியும். கார் கம்பெனி என்றதும் சரி என்றாய், உள்ளே எங்கே என்று கேட்கவில்லை. ஆனால் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் சாப்பிடும்போது உங்கப்பாவிடம், 'ரெண்டு பேரும் ஷிப்டுக்குப் போனா வூட்டுல யாரு யாரப் பாக்குறது, அவ வேலைய வுட்டுட்டா நல்லாருக்கும்' என்று நீ சொன்னது என் காதில் விழுந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் 'அப்படியெல்லாம் இல்லம்மா' என்று எப்படிச் சொல்வேன்? "நீயே அவன்கிட்ட கேக்கலாம்ல?" என்றேன். "கேட்டா, வாணாம்னு சொல்லிடுவாரோன்னு பயமாக் கீது அத்த. கேக்காத வரைக்கும் அவரு சொல்லலல்ல" என்றாள். ஒரு பெண் தனக்கு வரப்போகிற மாப்பிள்ளையிடம் கேள்வி கேட்காமல் இருப்பதற்கு இதுவா காரணமாக இருக்க வேண்டும்? எனக்கு உன்மேல் கோபம் வந்தது, அதை மறைக்கப் போவதில்லை.

தம்பி, அவள் அந்தக் கம்பெனியில் காண்ட்ராக்டில் இருந்து, டிரெய்னியாக இருந்து, போன பொங்கலுக்கு முன்னால்தான் பெர்மனென்ட் ஆகியிருக்கிறாள். அவளோடு சேர்ந்த பெண்களில் பாதிப்பேர் இப்போது அங்கே இல்லை. பெர்மனென்ட் என்ற வார்த்தைக்காக நீ எத்தனை கோவிலுக்குப் போனாய் என்று நினைத்துப் பார். உன் பேர் வந்த அன்றைக்கு வல்லம் வடகால் முனையிலிருந்து எனக்குப் போன் செய்து பேச முடியாமல் நின்றாயே. அவளும் அன்றைக்கு அப்படித்தான் நின்றிருப்பாள். ஒரு தடவை விட்டுவிட்டு வந்தால் அந்த இடம் திரும்பக் கிடைக்காது, இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் கேன்டீனில் வெங்காயம் நறுக்கப் போனதை உங்கப்பா ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அவரைப் பற்றி எனக்கு ஆயிரம் குறை உண்டு, அந்த ஒரு விஷயத்தில் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் யார் யாரைப் பார்ப்பது என்றாயே, உன் ஷிப்டும் அவள் ஷிப்டும் மாறி வரும் வாரத்தில் யார் முதலில் வீட்டுக்கு வருகிறார்களோ அவர்கள் உலை வைக்க வேண்டியதுதான். உனக்குச் சோறு வடிக்கத் தெரியும், நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேனே.

பஸ் வருவதற்குள் அவள் இன்னொன்றும் சொன்னாள். "அத்த, வாங்குறதுன்னா எது சீக்கிரம் போவுதோ அத வாங்குங்க. வார லீவு அன்னிக்குப் போட்டுக்குவேன். மறுநா ஷிப்டுக்குள்ள வாசன போயிடணும், அவ்ளோதான்." பிடித்தது எது என்று அவள் அதற்கப்புறம் பேசவே இல்லை.

அதனால் நான் திரும்பவும் தாம்பரம் போனேன். அந்தக் கடைப் பெண்ணிடம் இடது மணிக்கட்டில் பீச் பழத்தையும் வலது மணிக்கட்டில் லிச்சியையும் அடிக்கச் சொன்னேன். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர் நான் மாறி மாறிக் கையை முகர்வதைப் பார்த்து இடம் மாறி உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்து சமைத்தேன், பாத்திரம் தேய்த்தேன், குளித்தேன். லிச்சி குளியலோடு போய்விட்டது. பீச் பழம் போகவில்லை. மறுநாள் காலையில் கேன்டீனுக்குப் போகும்போது சோப்புப் போட்டுத் தேய்த்தும் மல்லிகை மட்டும் அங்கேயே உட்கார்ந்திருந்தது. நல்ல சரக்குதான், சந்தேகமில்லை. அடுத்த தடவை கடைக்குப் போய் லிச்சியைக் கேட்டபோது அந்தத் தென்காசிப் பெண்ணுக்கே பொறுக்கவில்லை. "எக்கா, அது சீக்கிரமே போயிரும்க்கா, நான் சொன்னேன்லா" என்றாள். "அதுக்குத்தாம்மா வாங்குறேன்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத்தான் பில் போட்டாள்.

வாங்கி வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தட்டில் லிச்சிதான் போகிறது. இதற்கு உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, சொல்கிறேன். பெண்ணின் பெரியம்மா அடித்துப் பார்த்துவிட்டு, 'இன்னா, வாசனையே காணோம்' என்பாள். சொல்லட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். பாட்டிலைப் பார்த்தவுடனே நித்யாவுக்கு விஷயம் புரிந்துவிடும். ஆனால் தன் வேலை தன்னிடம் இருக்கிறது என்பதை அவள் ஒரு பாட்டிலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. உன் வாயால் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளுக்குப் போன் செய். சென்ட் பற்றி ஒரு வார்த்தை பேசாதே. 'நீ வேலைக்குப் போ' என்று மட்டும் சொல். போகலாம் என்றோ, பார்க்கலாம் என்றோ இழுக்காதே. அவளே ஒருநாள் வேண்டாம் என்று விட்டால் அது அவள் பாடு.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. கல்யாணத்துக்கு அப்புறம் அவள் யூனிஃபார்ம் எந்தப் பீரோவில் தொங்கும் என்று யோசித்தாயா? உன் ஸ்ப்ரே என் முந்தானையில் ஏறியபோது என்னைப் பாத்திரம் கழுவ அனுப்பினார்கள், அதோடு போயிற்று. அவள் சட்டையில் ஏறினால் வண்டிக் கதவெல்லாம் குழி விழும். சீக்கிரம் போகிற சென்ட்டை அவள் வாங்கிக்கொண்டு, நாள் முழுக்க நிற்கிறதை நீ அடித்துக்கொண்டு பக்கத்தில் படுத்தால் அவள் விட்டுக்கொடுத்ததற்கு என்ன அர்த்தம்? ஆகவே நீ வைத்துவிட்டுப் போன ஸ்ப்ரேயை எல்லாம் எடுத்து வெளியே போட்டுவிட்டேன். உன் சட்டைகளையெல்லாம் துவைத்துவிட்டேன். பீரோவைத் துடைத்து, இரண்டு கதவையும் திறந்து வைத்திருக்கிறேன். இன்னும் வாசனை போகவில்லை, கல்யாணத்துக்குள் போய்விடும்.

உனக்கு என்ன கவலை வரும் என்று எனக்குத் தெரியும். அந்த ஷேர் ஆட்டோ பெண் ஞாபகத்துக்கு வருவாள். அதனால்தான் நித்யா பஸ் படியில் கால் வைக்கும்போது, வெட்கத்தை விட்டு, "அவன்மேல ரப்பர் வாசன வருமேம்மா, உனக்குப் பரவால்லயா?" என்று கேட்டேவிட்டேன். அவள் படியில் நின்றபடி திரும்பிப் பார்த்தாள். "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே வந்துச்சி அத்த, அந்த ஸ்ப்ரேயையும் தாண்டி" என்றாள். "எனக்குப் புடிச்சிதான் சரின்னு சொன்னேன்."

அம்மா